வேலையை விடாமல் விமானி ஆக முடியுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, எனக்கு 26 வயது. பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, குரூப் 4 எழுதி, ராமநாதபுரத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். போன வருடம்தான் தகுதிகாண் பருவம் முடிந்தது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. அப்பாவுக்கு நாட்டுப்படகு, தங்கச்சி காலேஜில் இரண்டாம் வருடம். உச்சிப்புளிப் பக்கம் விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் மனசு நிலைகொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பைலட் படிக்கப் போகட்டுமா? சனி, ஞாயிறில் மட்டும் படித்து முடிக்க வழி உண்டா? வயது தாண்டிவிட்டதா? வீட்டில் எப்படிச் சொல்வது?"

தம்பி, வேலையை விடாதீர்கள். இன்னும் நாலைந்து வருடத்துக்கு அதை விட வேண்டிய அவசியமே வராது. அதே சமயம், சனி, ஞாயிறு மட்டும் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் கரையில் இருந்துகொண்டு அது நடக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. நான் வந்த பாதை அதுதான். எனக்கு ஊர் மண்டபம். வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, ஏழு வருடம் கவுண்டரில் உட்கார்ந்து, 31 வயதில் லைசென்ஸ் வாங்கினேன். இப்போது வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய நாளெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல், ஒரே படிப்பு என்று நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது நாலு தனித்தனி வேலை: உடல்தகுதி, எழுத்துத் தேர்வுகள், பணம், 200 மணி நேரப் பறத்தல். முதல் மூன்றையும் ராமநாதபுரத்தில் இருந்தபடியே, ஆபீஸ் போய்க்கொண்டே முடிக்கலாம். நாலாவதுக்கு மட்டும்தான் ஊரை விட்டுப் போக வேண்டும். வரிசையை மாற்றாமல் செய்தால், எந்தப் படியில் நிற்க நேர்ந்தாலும் அதுவரை போட்ட காசு மட்டும்தான் போகும். வேலையை முதலில் விட்டுவிட்டு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், முதல் படியில் சறுக்கினாலும் எல்லாமே போய்விடும்.

உடல்தகுதியில் ஆரம்பியுங்கள். இதைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். அடுத்தது கிளாஸ் 1. சிபிஎல்லுக்கு கிளாஸ் 1 கட்டாயம். பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் இருக்கிறது, நான் போனது அங்கேதான். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, காது, கண் என்று ஒன்று விடாமல் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக வந்தால் போதும். நிறம் பிரித்தறிவதில் கோளாறு இருந்தால்தான் சிக்கல். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஒரு பள்ளியில் பெரிய தொகையை முன்பணமாகக் கட்டிய பிறகு, புள்ளிப் படத்தில் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க முடியாமல் நின்றுபோனான். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவன் அப்பா ஒரு வருடம் அலைந்தார். படகு எஞ்சின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் காதையும் முன்கூட்டியே ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது. கிளாஸ் 1 சான்றிதழை நாற்பது வயது வரை வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே முதலில் கிளாஸ் 2 எடுத்துவிட்டு, கிளாஸ் 1 ஒரு தடவை போய்த் தேறுகிறீர்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். பறக்கப் போகும் வருடத்தில் மறுபடி எடுத்தால் போதும்.

அப்புறம் பேப்பர்கள். ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கலில் ஒரு பொதுத் தாள், ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான தாள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இருக்கிறது. இதைப் படிக்கும் வணிகவியல் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடத்தை மட்டும் தனியாக எழுதித் தேறலாம். தேர்வு மையம் சென்னையில் இருக்கிறது. ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். ஒரு நாள் தற்செயல் விடுப்பு போதும். எல்லாப் பேப்பரையும் ஒரே மூச்சில் எழுதப் பார்க்காதீர்கள். இரண்டு இரண்டாக எடுங்கள். எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒரு பேப்பரில் இரண்டு முறை தோற்றேன். கவுண்டரில் நகைக்கடன் சீட்டு எழுதி முடித்து வீட்டுக்கு வந்து, எட்டு மணியிலிருந்து பத்தரை வரை படிப்பேன்.

இந்தப் பேப்பர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நேவிகேஷன் புத்தகத்தில் காற்று முக்கோணம் என்று ஒரு கணக்கு வரும். காற்று ஒரு பக்கம் தள்ளும்போது மூக்கை எந்தப் பக்கம், எத்தனை டிகிரி திருப்பி வைத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போவோம் என்பது. வட்டமான ஸ்லைடு ரூல் ஒன்றை வைத்துப் போடுவார்கள், அதற்கு ஃபிளைட் கம்ப்யூட்டர் என்று பெயர். பத்து நாள் முட்டி மோதியும் எனக்கு அது பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு படகில் குருசடைத் தீவுப் பக்கம் போனேன். அப்பா அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தீவுக்கு நேராக வைக்கவே இல்லை. தீவுக்கு நல்ல வலப்பக்கமாக, வெறும் கடலைப் பார்த்து வைத்திருந்தார். "எங்கேப்பா போறோம்?" என்று கேட்டேன். "நீவாடு இந்தப் பக்கம் இழுக்குது, நேரா வச்சா தீவைத் தாண்டிப் போய்ருவோம்" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். படகு பார்த்த திசை ஒன்று, போன திசை ஒன்று. சரியாகத் தீவில் போய் நின்றோம். அன்று ராத்திரி உட்கார்ந்து பதினைந்து கணக்குப் போட்டேன். ஒன்றும் தப்பவில்லை.

விமானத்தில் இதுவேதான். செஸ்னா 172 மாதிரி ஒரு சின்ன விமானம் 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 100 நாட்டிக்கல் மைல் வேகத்தில், நேர் வடக்கே போக வேண்டும், கிழக்கிலிருந்து 20 நாட் கொண்டல் அடிக்கிறது என்று வையுங்கள். மூக்கை வடக்கே வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், ஒரு மணி நேரத்தில் 20 நாட்டிக்கல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் மேற்கே போய்விடுவீர்கள். மூக்கை ஏறத்தாழ 12 டிகிரி கிழக்கே திருப்பி வைத்தால்தான் வடக்கே போக முடியும். அலகுகளும் கடலுடையவைதான். நாட், நாட்டிக்கல் மைல் இரண்டும் கப்பலிலிருந்து விமானத்துக்கு வந்தவை. ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 60 நாட்டிக்கல் மைல். உங்கள் அப்பா ஜிபிஎஸ் பார்த்து வலை போடுகிறவர் என்றால் இதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

வானிலைப் பாடமும் அப்படித்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நம் கடற்காரர்கள் காற்றுக்கு வைத்த பெயரெல்லாம் அது வரும் திசையை வைத்துத்தான். விமானத்திலும் காற்றின் திசையைச் சொல்வது அது எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான். கடல் பக்கம் வளராத பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் குழம்பி மதிப்பெண்ணை விடுகிறார்கள். நமக்கு அந்தக் குழப்பமே வராது. மத்தியானம் கடல் காற்று எழுவதும், ராத்திரி கரைக் காற்று திரும்புவதும், ஐப்பசி மாதத்து இடிமேகமும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவதும் நாம் பார்த்து வளர்ந்தவை. புத்தகம் அதற்கெல்லாம் காரணம் சொல்கிறது, அவ்வளவுதான். வானிலையை முதல் பேப்பராக எடுங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன்.

தமிழ் வழி பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பேப்பர் ஆங்கிலத்தில்தான். ஆனால் அது கதைப் புத்தக ஆங்கிலம் கிடையாது. நானூறு, ஐந்நூறு கலைச்சொல் பழகிவிட்டால் மறுபடி மறுபடி அவைதான் வரும். பேச்சு ஆங்கிலத்துக்கு ஒரு தனித் தேர்வு உண்டு. அதில் உலக விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆறு படிகளில் நாலாம் படி வந்தால் போதும். தாய்மொழிபோலப் பேசச் சொல்லி யாரும் கேட்பதில்லை, தெளிவாகப் புரிந்தால் சரி. ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்ற உரிமம் வேண்டும். முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்திய தேர்வு அது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டத்தில் அது டிஜிசிஏவின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ரேடியோ மொழிக்குத் தனி இலக்கணமே உண்டு. மூன்றை ட்ரீ என்றும், ஐந்தை ஃபைஃப் என்றும், ஒன்பதை நைனர் என்றும்தான் சொல்ல வேண்டும், இரைச்சலில் ஒன்று இன்னொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. நான் மண்டபத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் நம்பரை எல்லாம் வாய்க்குள் அப்படிச் சொல்லிப் பழகினேன். கான்வென்ட்டில் படித்தவர்களும் இதைப் புதிதாகத்தான் கற்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கேதான் உங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். இந்தியாவில் இன்று சிபிஎல் முடிக்க, தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போவதும் உண்டு. லைசென்ஸ் கையில் வந்த பிறகு ஏ320 போன்ற பெரிய விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, என்று தனியாகப் பதினைந்து லட்சத்துக்கு மேல் ஆகும். விமான நிறுவனங்களே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு கோடியைத் தொடும். கல்விக்கடன் கிடைக்கும். ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி அடமானம் கேட்கும், இதைக் கவுண்டரில் இருந்தவளாகச் சொல்கிறேன். முப்பது லட்சம் கடன் 11 சதவீத வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 27,500 ரூபாய். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். நான் முடித்த காலத்தில் மொத்தம் 38 லட்சம் ஆனது. ஆறு வருடச் சேமிப்பு 13 லட்சம். கத்தாரில் இருந்த அண்ணன் 10 லட்சம் கொடுத்தார். மீதி 15 லட்சம் ஒரு மனையை அடமானம் வைத்து வாங்கிய கடன். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். உங்கள் வீட்டில் படகுதான் சோறு போடுகிறது. படகையும் குடியிருக்கும் வீட்டையும் இதற்காக அடமானம் வைக்காதீர்கள். தங்கச்சி படிப்பு முடியும்வரை அந்தப் பணத்திலும் கை வைக்காதீர்கள். மாதம் பன்னிரண்டாயிரம் தனியாக எடுத்து வைத்தால் ஐந்து வருடத்தில் வட்டியோடு எட்டு லட்சத்துக்குக் கிட்ட வரும். அது போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கடனுக்கு நீங்கள் கைப்பணம் போடுகிறீர்கள் என்று காட்டவும், ஆறு மாதம் வட்டி கட்டித் தாக்குப்பிடிக்கவும் அந்த எட்டு லட்சம் உதவும். மீதிக்கு நிலமோ, கை கொடுக்க உறவோ இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நான் கீழே சொல்லப்போகிற மற்ற வழிகளைப் படியுங்கள். அவை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

பறத்தல். 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் நீங்களே விமானத்துக்குப் பொறுப்பாளராக, 20 மணி நேரம் அப்படியே தொலைதூரப் பயணமாக, அதிலும் ஒரு பயணம் 300 நாட்டிக்கல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வேறு விமானத் தளங்களில் இறங்கி நின்று. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது 10 மணி நேரம், இரவில் 5 மணி நேரம். இந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். சனி, ஞாயிறு திட்டம் இங்கேதான் உடைகிறது. ராமநாதபுரத்தில் பயிற்சிப் பள்ளி இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து. 2009இல் தளமாக நிறுவப்பட்டது, நமக்கு அங்கே பறக்க இடமில்லை. பக்கத்தில் என்றால் சேலம், அல்லது திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி அகாடமி. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, சனிக்கிழமை போய்ச் சேர்ந்து, வானிலை சரியாக இருந்து, விமானமும் பயிற்சியாளரும் கிடைத்தால் இரண்டு மணி நேரம் பறக்கலாம். பதினைந்து நாள் கழித்து மறுபடி போகும்போது, முதல் அரை மணி நேரம் மறந்ததை ஞாபகப்படுத்தவே போய்விடும். அந்த அரை மணி நேரத்துக்கும் காசு கொடுக்கத்தான் வேண்டும். இப்படித் தொடங்கி 60 மணி நேரத்தில் நின்றுபோன இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பழைய மணி நேரமெல்லாம் இப்போது ஐந்து வருடக் கணக்கிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கிறது.

ஆகவே பறப்பதை ஒரே தொடர்ச்சியாகச் செய்யுங்கள். ஒரு வருடத்தில் முடியும் என்று பள்ளிகள் சொல்லும், ஒன்றரை வருடத்துக்குத் தயாராகப் போங்கள். எனக்கு 16 மாதம் ஆனது. வடக்கே டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வாரக்கணக்கில் காலை விமானம் எழும்பாது. மழைக்காலத்தில் பாதி நாள் போகும். விமானம் பராமரிப்புக்குப் போனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர் என்று நேரில் போய்க் கேளுங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். 2025 முதல் டிஜிசிஏ பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பறந்த மணிக்குத் தகுந்தபடி தவணையாக வாங்கும் பள்ளிதான் வேண்டும். உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி அரசு சார்ந்தது, நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கும் முயன்று பாருங்கள்.

முதல் நாள் காலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பறப்பதை அல்ல, எரிபொருளைப் பார்ப்பதை. இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். கண்ணாடிக் குவளை ஒன்றை அதில் அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். சின்ன விமானத்துக்கான அந்தப் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும், நிறம் மாறியிருந்தால் வேறு ஏதோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ராத்திரிப் பனியில் தொட்டிக்குள் தண்ணீர் சேர்ந்திருந்தால், குவளையின் அடியில் முத்து மாதிரி தனியாக உருண்டு நிற்கும். அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குப் போனால் எஞ்சின் வானத்தில் நின்றுவிடலாம். தண்ணீர் வராத வரைக்கும் திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிற பிள்ளை நன்றாகப் பறக்கும் என்பது இத்தனை வருடத்தில் நான் கண்டது.

விடுப்பு எப்படி வாங்குவது? நான் முதல் தடவை ஊதியமில்லா விடுப்பு கேட்டபோது மறுத்துவிட்டார்கள். "பைலட்டா?" என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த வருடம் கிளாஸ் 1 சான்றிதழ், தேறிய பேப்பர்களின் பட்டியல், பள்ளியின் சேர்க்கைக் கடிதம் மூன்றையும் இணைத்துக் கேட்டேன், கிடைத்தது. கையில் ஒன்றும் இல்லாமல் கேட்பதற்கும், பாதி வேலையை முடித்துவிட்டுக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. உங்களுக்குத் தகுதிகாண் பருவம் முடிந்தது பெரிய பலம். மேற்படிப்புக்கு முன்அனுமதி வாங்கிவிட்டு, ஈட்டிய விடுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அதற்கு மேல் அசாதாரண விடுப்பு எவ்வளவு கிடைக்கும் என்று உங்கள் அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவைப் பார்க்கும் கண்காணிப்பாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: விடுப்பில் இருந்தாலும் நீங்கள் அரசு ஊழியர்தான். 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அனுமதியில்லாமல் வேறு இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. படிக்கலாம், பறந்து சம்பாதிக்கக் கூடாது.

லைசென்ஸ் வந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றும். அப்போதும் விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023இல் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் கொடுத்தது. அதே வருடம் ஏர் இந்தியா 470 விமானத்துக்கும், இண்டிகோ 500 விமானத்துக்கும் ஆர்டர் கொடுத்தன. அதைப் பார்த்தால் வேலை கொட்டிக் கிடக்கிறது போலத் தெரியும். ஆனால் ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேர வருடக்கணக்காகும். இன்னொரு பக்கம் கிங்ஃபிஷர் 2012இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அவர்களுக்கு அப்புறம்தான் 200 மணி நேரக்காரருக்கு இடம். ஒரு வருடம், இரண்டு வருடம் காத்திருப்பது இந்தத் தொழிலில் வழக்கம்.

நான் லைசென்ஸோடு திரும்பி வந்து 14 மாதம் அதே கவுண்டரில் உட்கார்ந்தேன். மாதச் சம்பளத்தில் கடன் வட்டி போய்க்கொண்டிருந்தது. என்னோடு முடித்தவர்களில் வேலையை விட்டு வந்தவர்கள், வட்டி கட்ட முடியாமல் கிடைத்த வேலைக்குப் போய், பறப்பதையே மறந்துபோனார்கள். காத்திருக்கும் காலத்திலும் செலவு உண்டு, அதைக் கணக்கில் சேருங்கள். மெடிக்கலை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கருவிப் பறத்தலுக்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருடத்துக்கு ஒரு முறை பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் காலாவதி பற்றிப் பயமில்லை. 2023இல் அதன் காலத்தை ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமாக்கிவிட்டார்கள். வேலை உத்தரவு கையில் வந்து, சேரும் தேதி குறிக்கப்பட்ட பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். அதற்கு மேல் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. விமான நிறுவனத்தில் ரோஸ்டர் எனும் பணி அட்டவணைதான் ராஜா. விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி வந்து நிற்கும். வருடத்துக்கு அதிகபட்சம் 1,000 மணி நேரம் பறக்கலாம் என்பது விதி. அதற்கு வெளியே ஓய்வெடுக்க வேண்டிய நேரமும் சட்டப்படி உங்கள் வேலையின் பகுதி.

வயது கேட்டிருந்தீர்கள். பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம். 32இல் தொடங்கினாலும் 33 வருடம் இருக்கிறது. கேப்டன் ஆவதற்கான லைசென்சுக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அதையும் நாற்பதுக்குள் எட்டிவிடலாம். நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் மட்டும் வயது வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் விமானியாகத்தான் ஆசைப்பட்டார். டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து தவறவிட்டார். டெல்லியில் கிடைத்த அரசு வேலையில் போய்ச் சேர்ந்தார். 2006 ஜூன் மாதம், 74 வயதில், புனேயிலிருந்து சுகோய் விமானத்தில் இணை விமானியின் இருக்கையில் உட்கார்ந்து பறந்தார். நம் ஊரில் எல்லோரும் அவர் ராக்கெட்டைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்த ஜூன் மாதப் படம்தான் மறக்க முடியாதது.

பணம் கூடி வராவிட்டால் என்ன செய்வது என்று மேலே விட்டு வைத்தேன். உங்கள் பி.எஸ்சி.யில் கணிதம் துணைப்பாடமாக இருந்ததா? இருந்தால், இந்திய விமான நிலைய ஆணையம் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தவறாமல் எழுதுங்கள். பொதுப் பிரிவுக்கு 27 வயது வரை, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருடம் தளர்வு. கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களை இறக்கி ஏற்றும் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைவிட நன்றாக இருக்கும். அங்கிருந்துகொண்டு சிபிஎல்லுக்குச் சேமிப்பது இன்னும் எளிது. விமானப்படையின் பொதுத் தேர்வில் பறக்கும் பிரிவுக்கு 24 வயது, சிபிஎல் இருந்தால் 26. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. உங்கள் கேள்வியைப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இருந்தால், ஒரு ரூபாய் செலவில்லாமல் பறக்கும் வழி அதுதான், முதலில் அதை எழுதுங்கள்.

பறக்கும் ஆசையை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் பிரைவேட் லைசென்ஸ் இருக்கிறது. 40 மணி நேரம், கிளாஸ் 2 மெடிக்கல் போதும். அதை வைத்துச் சம்பாதிக்க முடியாது, ஆனால் அந்த மணி நேரம் சிபிஎல் கணக்கில் சேரும். ட்ரோன் பைலட் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பும் சில நாள் பயிற்சியும் போதும், நல்ல தொழில். ஆனால் அதில் ஓட்டிய ஒரு நிமிடம்கூட சிபிஎல்லில் சேராது. உச்சிப்புளிக் கடற்படைத் தளம் பக்கத்தில் இருப்பதால், நம் கரையில் எங்கே பறக்கவிடலாம் என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்க்காமல் எதையும் எழுப்பக் கூடாது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டதற்கு, இப்போது பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம் என்பேன். நான் அம்மாவிடம் முப்பத்தெட்டு லட்சம் கணக்கோடு தொடங்கவில்லை. வானிலைப் பேப்பரில் தேறிய அன்று அப்பாவிடம் கேள்வித்தாளில் வந்த காற்றுக் கணக்கைச் சொன்னேன், அவர் விடையை வாயாலேயே சொன்னார், அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொரு பேப்பருக்கும் அவர்களே தேதி கேட்க ஆரம்பித்தார்கள். விடுப்பு கேட்கும் வருடம் வந்தபோது வீட்டில் யாருக்கும் அது புதுச் செய்தியாக இல்லை.

இந்த மாதம் சென்னையில் கிளாஸ் 2 மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், ஒரு நாள் லீவு போதும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். என் பழைய வானிலைப் புத்தகமும் அந்த வட்ட ஸ்லைடு ரூலும் மண்டபத்தில் வீட்டில்தான் இருக்கின்றன. அப்பாவிடம் சொல்லிவைக்கிறேன், போய் வாங்கிக்கொள்ளுங்கள்.